வால்வைப் பற்றி முதலில் சொன்னவர்

மேடையின் நடு நாற்காலியில் அமர்ந்திருக்கும் ஆலை மேலாளர் அவர்களே, அவர் பேசும்போதெல்லாம் தலையாட்டிப் பழகிய பிரிவுத் தலைவர்களே, முன்வரிசையில் இருக்கும் பாய்லர் அக்காவின் கணவர் அவர்களே, அக்காவின் மகளே, சலவைப் பகுதியிலிருந்தும் இஸ்திரிப் பகுதியிலிருந்தும் ஈரக் கையோடு வந்திருக்கும் என் தோழர்களே! இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்த உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நம் தலைமை பாய்லர் பொறியாளர், நாம் எல்லோரும் பாய்லர் அக்கா என்று கூப்பிட்ட அந்த மகராசி, இன்று இல்லை. கண்ணீர் வரவில்லை எனக்கு. வயிறு எரிகிறது.

போன வெள்ளிக்கிழமை காலை பாய்லரின் அழுத்தமானி முள் சிவப்புக் கோட்டைத் தாண்டியது. மிஞ்சிய நீராவியைத் தானே திறந்துவிட வேண்டிய சேஃப்டி வால்வு திறக்கவில்லை. இஸ்திரிப் பகுதியில் பதினொரு பேர். "போட்டது போட்டபடி ஓடுங்கடா!" என்று விரட்டினார் அக்கா. விரட்டிவிட்டு, எரிபொருள் குழாயை மூட உள்ளே போனார். பாய்லர் வெடித்தது. அவர் திரும்பி வரவில்லை. அந்தப் பதினொரு பேரும் இதோ நிற்கிறார்கள்.

அப்படி அதட்டத் தெரிந்தவர் மேலாளர் நடத்தும் கூட்டத்தில் எப்படிப் பேசினார்? "அந்த சேஃப்டி வால்வு ஒட்டிக்கிற மாதிரி இருக்கு சார். ஒரு தடவை கழட்டிப் பாத்துடலாமா?" "பாக்கலாம்மா, பாக்கலாம். அடுத்து?" என்பார் மேலாளர். பத்து நிமிடம் போகும். மேலாளர் தொண்டையைச் செருமுவார். "எனக்கு ஒண்ணு தோணுது. அந்த வால்வைக் கழட்டிப் பாக்கணும்." உடனே பிரிவுத் தலைவர்கள் தட்டும் தட்டில் மேசை அதிரும். "கரெக்டா புடிச்சீங்க சார்!"

தன்மையாகக் கேட்டால் காதில் விழாது. சரி, ஆண்களைப் போல அடித்துப் பேசினால்? அதையும் பார்த்தார் அக்கா. "வால்வு போயிடுச்சு. மாத்துங்க. இல்லன்னா வெடிக்கும்!" என்றார் ஒருநாள். மேலாளர் என்ன கேட்டார் தெரியுமா? "ஏம்மா, வீட்ல ஏதாவது பிரச்சினையா?" அறையே சிரித்தது. நானும் சிரித்தேன் தோழர்களே. அதற்கு எனக்கு மன்னிப்பே கிடையாது.

ஏனென்றால் அந்தக் கூட்டங்களின் மினிட்ஸ், அதாவது நடவடிக்கைக் குறிப்பு, எழுதுவது நான். நம் அலுவலக வழக்கம் உங்களுக்குத் தெரியாது. மேசை தட்டி ஏற்றுக்கொண்டதை மட்டும்தான் எழுத வேண்டும், கடைசியாக அதைச் சொன்னவர் பெயரில். ஆகவே மூன்று கூட்டங்களில், மூன்று முறை, "சேஃப்டி வால்வு அபாய நிலையில் இருப்பதை ஆலை மேலாளர் சுட்டிக்காட்டினார்" என்று எழுதினேன். மூன்றின் கீழும் அவர் கையெழுத்து. பாராட்டை வாங்கிக்கொண்டார். வால்வை மாற்றினாரா? சொன்னதோடு அவர் வேலை முடிந்தது!

முந்தாநாள் இந்த விபத்தை விசாரிக்கும் அதிகாரிக்கு ஒரு கடிதம் போயிருக்கிறது. மேலாளர் சொல்லச் சொல்ல நான்தான் டைப் செய்தேன். "வால்வு பழுதானதை பாய்லர் பொறியாளர் எனக்குத் தெரிவிக்கவில்லை. விபத்துக்கு அவர் கவனக்குறைவே காரணம்." செத்தவர் தலையில் பழி! இந்த மகள் காலமெல்லாம் அதைச் சுமக்க வேண்டுமா?

"பழைய மினிட்ஸ்லாம் கொஞ்சம் எடுத்து வைம்மா" என்று மேலாளர் நேற்று மெதுவாகக் கேட்டார். எடுத்து வைத்தேன் சார். விசாரணை அதிகாரியின் மேசையில், இன்று காலை. ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. அக்கா பேசியதை அப்படியே பிடித்து வைத்த என் சுருக்கெழுத்து நோட்டுகளும் கூடவே இருக்கின்றன.

உட்காருங்கள் சார். நான் பேசி முடிக்கவில்லை.

தோழர்களே, அக்காவின் வேலையைத் தொடர்வோம் என்று வாயால் உறுதி சொல்லிக் கலைய நான் வரவில்லை. திங்கட்கிழமை பத்து மணிக்கு விசாரணை. வால்வைப் பற்றி முதலில் சொன்னது யார் என்று அதிகாரி உங்களைக் கேட்பார், மேலாளர் சார். "நான்தான்" என்றால், தெரிந்தே அக்காவைச் சாகவிட்டவர் நீங்கள். "பாய்லர் அக்கா" என்றால், அவர் இங்கே உழைத்த இருபது வருடத்தில் முதல் முறையாக அவர் பேச்சு அவர் பெயரிலேயே பதிவாகும். இரண்டில் எதைச் சொன்னாலும் சரி சார், எழுதிக்கொள்ள நான் அங்கே இருப்பேன்.