நாய்க்கு வாங்கிய மிஷின்

"நாய்க்கு முந்தி நான் வெட்டிக்கிட்டதுதானுங்க தப்பாப் போச்சு."

கோவிந்தாபுரத்தில் பொள்ளாச்சி பஸ் கிளம்பக் காத்திருந்தபோது, முன் சீட்டிலிருந்து இது காதில் விழுந்தது. சொன்னவர் பெரிய தலைப்பாகை கட்டியிருந்தார். மடியில் முடிவெட்டும் கைமிஷின் ஒன்று இருந்தது. கேட்டுக்கொண்டிருந்தவர் ஒரு ராவுத்தர்.

"நாய்க்கு எதுக்கு மிஷின்?"

"தோட்டத்துத் தொரை சீமைக்குப் போறப்ப எங்கிட்ட உட்டுட்டுப் போன நாயிங்க. ஒடம்பெல்லாம் சடை, சடைக்குள்ள உண்ணி."

"நல்ல மிஷினான்னு பாத்து வாங்கலையா?"

"கடைக்காரரு என் கைமுடியில ஓட்டிக் காட்டுனாருங்க. வழுக்கிட்டுப் போச்சு."

"கைமுடி எத்தனை இருக்கும்? அடர்ந்த முடியிலல்ல பாக்கணும்!"

"அதத்தானுங்க ஊட்டுல பாத்தேன். நாய்க்கு வலிச்சா கடிச்சுப்போடுமேன்னு, அதை முன்னால உக்கார வெச்சு என் தலையில ஓட்டினேன். பாதித் தலையில முடியக் கவ்வீட்டு நின்னுபோச்சு. நான் போட்ட சத்தத்துல கட்டிலுக்கடியில பூந்த நாயி, இன்னும் வெளிய வரலீங்க."

ராவுத்தர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "கடைக்காரர் மாத்தித் தருவாரா?"

"தராட்டிப் போகட்டுங்க. தலைப்பாவக் கழட்டிப்போட்டு அவரு கடை வாசல்லயே உக்காந்துக்குவேன்."