டவுன் பஸ்ஸில் ஒரு பாவாடை

செங்கம் ரோடு டவுன் பஸ்ஸில், முன் சீட்டுத் தையல்காரப் பெண் பக்கத்திலிருந்தவளிடம் ஒரு பாவாடையை நீட்டினாள்.

"வெள்ளைக்காரம்மா ப்ளீட் வைக்கச் சொன்னாங்க. செத்துப்போன அவங்கம்மா துணியாம். லாட்ஜ்ல வேலை பாத்து வெள்ளைக்காரங்களோட பேசறவ நீ, நீயே சொல்லுக்கா. கெடுத்துட்டனா?"

"இது கேதர் தையல்டி, நூலை இழுத்துச் சுருக்கறது. ப்ளீட்னா நம்ம கொசுவம் மாதிரி வரிசையா மடிக்கணும். துணிய வெட்டிட்டியா?"

"வெட்டலக்கா. வெறும் நூலோட்டம்தான்."

"அப்புறம் எதுக்குடி அழுவுற? உருவு."

நூலை உருவியதும் துணி நேரானது. இருவரும் மடியில் வைத்தே கொசுவம் மடித்தார்கள். ஊக்கு போதவில்லை. சுற்றியிருந்த பெண்கள் வளையலிலிருந்து கழற்றிக் கொடுத்தார்கள்.

இறங்கும்போது தையல்காரப் பெண் சிரித்தாள். "ஊக்கெல்லாம் யாருக்குத் திருப்பித் தர்றது?"

"பௌர்ணமிக்கு அந்தம்மா இதைப் போட்டுக்கிட்டு கிரிவலம் வரட்டும், அது போதும்" என்றாள் ஒருத்தி.