கடல் காற்று படாமல்

வெள்ளவத்தையில் ஸ்பிரே பெயின்ட் அடிப்பதற்கு நல்ல மாதம் என்று ஒன்று கிடையாது. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் கடல். வருடம் முழுவதும் உப்பும் ஈரமுமாகக் காற்று வந்து ஜன்னல் கம்பிகளைத் தின்றுகொண்டிருக்கும். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர்.

என் பெயர் சத்தியநாராயணன். வயது எழுபத்தாறு. என் தகப்பனார் புறக்கோட்டையில் புடவை மொத்த வியாபாரம் செய்தவர். எங்கள் ஒஸ்டின் ஏ40 காரை அவர் ஐம்பத்திரண்டாம் ஆண்டு புதிதாக வாங்கினார். அதில் ஒரு குறைதான் இருந்தது. டாஷ்போர்டில், எங்கள் பிள்ளையாருக்குப் பக்கத்தில், ஓர் அந்தோனியார் சிலை இரண்டு திருகாணிகளால் இறுக்கப்பட்டிருந்தது. இறுக்கியவன் பிறெடி.

பிறெடி எங்கள் கடை லொறி டிரைவர். எண்பத்து மூன்றாம் ஆண்டு ஜூலையில் எங்கள் கொட்டாஞ்சேனை வீட்டை எரிக்க ஆட்கள் வந்தபோது, அவன் பிள்ளையாரை ஒளித்துவிட்டு அந்தச் சிலையைக் காரில் இறுக்கி, கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு, எங்களைச் சீட்டுகளுக்குக் கீழே படுக்க வைத்தான். சிங்களத்தில் பகிடி விட்டபடியே மூன்று கூட்டங்களைக் கடந்து கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் கொண்டுபோய்ச் சேர்த்தான். பின்னால் அப்பா, அம்மா, என் தங்கை கோமளவல்லி. முன்னால் நான். எனக்கு அப்போது முப்பத்தைந்து வயது. வழி முழுவதும் என் முகம் அவனுடைய செருப்புக்குப் பக்கத்தில் இருந்தது.

கலவரம் ஓய்ந்து வெள்ளவத்தைக்குக் குடிவந்த பிறகும் அப்பா அந்தச் சிலையைக் கழற்ற விடவில்லை. ஒவ்வோர் ஆயுத பூசைக்கும் பிள்ளையாருக்கு வைத்த சந்தனத்தை அந்தோனியாருக்கும் வைத்தார். அவர் போன பிறகு கோமளவல்லி வைத்தாள். நாற்பத்தொரு வருடம் நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

கோமளவல்லிக்கு ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று நேற்றுக் கேட்டீர்கள். வந்த வரன்கள் எங்கள் தரத்துக்கு இல்லை. ஒவ்வொன்றையும் நான்தான் விசாரித்து வேண்டாம் என்றேன். அவள் ஒருமுறையும் மறுத்துப் பேசவில்லை. அவளுக்கு இப்போது அறுபத்து மூன்று.

போன ஒக்டோபரில் டாஷ்போர்டின் பெயின்ட் உரியத் தொடங்கியது. மொத்தமாகச் சுரண்டிப் புதிதாக அடிக்க வேண்டும், சிலையைக் கழற்றாமல் முடியாது என்றேன். கோமளவல்லி சிலையை ஒருமுறை தொட்டுப் பார்த்தாள்.

"அப்ப பிறெடியவே கூப்பிடுங்க. அவர் இருக்கிறப்ப வேற ஆள் எதுக்கு அண்ணா?"

பிறெடி ஹெந்தளையில் கார்களுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தான். மனைவி இறந்து மூன்று வருடம். ஓட்டை போட்டவனே ஓட்டையை அடைக்கட்டும் என்று எனக்கும் பட்டது. வந்தான். சிலையைக் கழற்றிக் கோமளவல்லியின் கையில் கொடுத்தான். ஓட்டைகளைப் புட்டிப் பசையால் அடைத்து, தேய்த்து, பிறைமர் அடித்து, மீற்றர்களை டேப் ஒட்டி மூடி, பற்றரி வயரையும் கழற்றி வைத்தான். வேலை தெரிந்தவன். அதை நான் மறுக்கவில்லை.

மறுநாள் காலை கறுப்பு லேக்கர் பெயின்ட் ஸ்பிரே டின்களோடு வந்தான்.

"சின்ன மொதலாளி, ஈரக் காத்துப் பட்டா இது பால் ஊத்தின மாதிரி வெளுத்துப் போகும். கராஜ் கதவ மூடிப் போடுங்க. பத்து நிமிசத்துல மேல காஞ்சிரும். நான் தட்டினதும் தொறங்க, என்ன? மறந்து பேப்பர் படிக்கப் போயிராதீங்க. எனக்கு ஏற்கெனவே இழுப்பு."

எங்கள் கராஜுக்கு உள்தாழ்ப்பாள் இல்லை, ஜன்னலும் இல்லை. வெளியே இருந்து தாழ்ப்பாள் போடாவிட்டால் காற்று கதவைத் தள்ளிவிடும். ஆகவே நான் போட்டேன். முதல் பூச்சு முடிந்து தட்டினான். திறந்தேன். வியர்வையில் நனைந்து வந்து, சட்டையைக் கழற்றி வெளியே கொடியில் போட்டான். கோமளவல்லி அவனுக்குத் தேநீர் கொண்டுவந்தாள். எனக்கு முன் அவனுக்குக் கொடுத்தாள்.

"நீங்க சொல்லுங்க," என்றாள் அவனிடம்.

"நீ சொல்லு. உன்ட அண்ணன்தானே."

நீ என்று சொன்னான். என் தங்கையை. அவள் தரையைப் பார்த்தபடி, அடுத்த மாதம் பதிவுத் திருமணம் செய்யப் போவதாகவும், அந்தக் காரில்தான் போக விரும்புவதாகவும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். பிறெடி கோப்பையைக் கீழே வைத்துச் சிரித்தான்.

"இந்த வயசுல ஊர் சிரிக்கும்தான். சிரிச்சிட்டுப் போகட்டும். இனி ஒங்கள மச்சான் எண்டு கூப்பிடலாம்தானே, சின்ன மொதலாளி?"

நான் கோபப்படவில்லை. "முதலில் வேலையை முடி," என்றேன். அவன் உள்ளே போனான். கதவை மூடித் தாழ்ப்பாள் போட்டேன். கொடியில் கிடந்த சட்டையின் பையில் இழுப்பு வந்தால் அவன் வாயில் அடிக்கும் பம்ப் தெரிந்தது. சட்டையை மடித்து நாற்காலியில் வைத்தேன். எதையும் ஒழுங்காக வைப்பது என் வழக்கம்.

பத்து நிமிடத்தில் தட்டினான். முதலில் விரலால், பிறகு கையால். "சின்ன மொதலாளி," என்றான். பிறகு "ஐயா" என்றான். மச்சான் என்று சொல்லவில்லை, அதைக் கவனித்தேன். கோமளவல்லி குசினியிலிருந்து கேட்டாள்.

"அண்ணா, என்ன சத்தம்?"

"பக்கத்து வீட்டில் ஆணி அடிக்கிறார்கள்."

அவள் குழாயைத் திறந்து பாத்திரம் கழுவினாள். நான் நாற்காலியில் சட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சத்தம் நின்ற பிறகும் உட்கார்ந்திருந்தேன். நாற்பது நிமிடம் இருக்கும்.

திறந்தபோது அவன் டிரைவர் சீட்டில் சரிந்து கிடந்தான். ஹோர்ன் அடிக்கப் பார்த்திருக்கிறான். பற்றரி வயரைக் கழற்றியது அவனுக்கு மறந்திருக்கும். மற்றக் கையை டாஷ்போர்டில் ஊன்றியிருக்கிறான். புட்டி வைத்த அதே இடத்தில், உள்ளே இன்னும் காயாத லேக்கரில், ஐந்து விரலும் உள்ளங்கையும் பதிந்திருந்தன.

அதைப் பார்த்தபோதுதான் எனக்குக் கோபம் வந்தது. அப்பாவின் காரில் மறுபடியும் அவனுடைய அடையாளம். டின்னை எடுத்துக் குலுக்கி, அவனுக்கு மேலாகக் கையை நீட்டி, அந்தக் கை அடையாளம் மறையும்வரை அடித்தேன். பிறகுதான் தங்கையைக் கூப்பிட்டேன்.

இழுப்பு என்று டாக்டர் எழுதினார். கொச்சிக்கடையில் பூசை வைத்தார்கள். நான் மலர்வளையம் வைத்தேன். நாற்பத்தைந்தாம் நாள் கோமளவல்லி சிலையை எடுத்துக்கொண்டு போய்க் காரில் உட்கார்ந்தாள். வெகுநேரம் வரவில்லை. போய்ப் பார்த்தேன். டாஷ்போர்ட் முழுவதும் கண்ணாடி போலக் கறுப்பு. நடுவில் மட்டும், ஒரு கை அகலத்துக்கு, பால் ஊற்றியது போல வெளுத்திருந்தது. நான் அடித்தபோது கதவு திறந்திருந்தது. காற்று நேராக வந்திருக்கிறது. அவசரத்தில் அதை யோசிக்கவில்லை.

"அண்ணா," என்றாள் திரும்பாமல். "கதவ மூடிட்டுத்தானே அவர் அடிச்சவர்?"

"ஓம்."

"அப்ப, கதவு தொறந்த பிறகு இங்க அடிச்சது ஆரு?"

அவள் சிலையை அந்த வெள்ளையின் மேல் வைத்தாள். உடுத்த சேலையோடு பெருந்தெருவான காலி வீதிக்கு நடந்து, ஓட்டோ பிடித்து உங்களிடம் வந்தாள். எங்கள் வீட்டுப் பெண் பொலிஸ் நிலையத்துக்கு வந்தது இதுதான் முதல் தடவை. அதற்கும் அவன்தான் காரணம்.

தாழ்ப்பாளைப் போட்டது நான். தட்டியது கேட்டது. பம்ப் எங்கே இருந்தது என்று தெரியும். திறந்திருந்தால் பிழைத்திருப்பான், அதனால்தான் திறக்கவில்லை. எழுதுங்கள், கையெழுத்து வைக்கிறேன். ஆனால் அதற்கு மேலே, முதல் வரியாக, இதையும் எழுத வேண்டும்: கதவை மூடச் சொன்னது அவன்தான்.