முன் சென்சாரும் ஹம்சா மேடம் அடித்த வரியும்

பேரன்பும் பெருந்திறனும் பொருந்திய பெருமாட்டியே! முப்பத்து மூன்று ஆண்டுகள் புகைக்கும் புழுதிக்கும் நடுவே புன்னகை குன்றாது பணிபுரிந்த பொறியியல் பேரொளியே! தலைநகராம் தில்லியில் தளரா உழைப்பால் தனித்தடம் பதித்த தகைமையே! எங்கள் வாகனப் பணிமனையின் தொழில்நுட்ப மேற்பார்வையாளர், கும்பகோணம் தந்த குணக்குன்று, திருமதி ஹம்சா அவர்களே! வணக்கம்.

அலுவலகம் தந்த இந்தி மடலும் சால்வையும் காலையிலேயே முடிந்துவிட்டன. மோதி பாக் சமுதாயக் கூடத்தில் இப்போது வாசிக்கப்படும் இந்தத் தமிழ் மடல், பணிமனையில் வேலை பார்க்கும் தமிழர்கள் பதினொரு பேர் சேர்ந்து தருவது. பதினொரு கையெழுத்தும் விழுந்தால்தான் மடலுக்குக் கண்ணாடிச் சட்டம் போடுவோம். அதற்கு முன் ஓய்வு பெறுகிறவரிடமே படியைக் கொடுத்து, பிறந்த ஊரும் சேர்ந்த தேதியும் சரிதானா என்று கேட்டு வாங்குவோம். கோபாலன் ஓய்வு பெற்றபோது அவரைப் பண்ருட்டியில் பிறக்க வைக்காமல் பரமக்குடியில் பிறக்க வைத்துவிட்டு, போட்ட சட்டத்தைப் பிரித்து மறுபடி போட்டதிலிருந்து வந்த ஏற்பாடு இது.

தங்களுக்கு வந்த படியில் தேதிகள் எல்லாம் சரியாகவே இருந்தன. ஆனால் விளிகளில் நான்காவதாக, ‘பிழையே அறியாத பெருந்தகையே’ என்று ஒன்று இருந்தது. அதைச் சிவப்பு மையால் அடித்து, ஓரத்தில் ஆறு வரி எழுதி, திங்கட்கிழமை திருப்பி அனுப்பினீர்கள். அந்த ஆறு வரியைப் படித்ததில் எங்களுக்கு விழுந்த அடி லேசானதல்ல. ஆகவே எழுதியே சொல்கிறோம்.

தங்களை எதிரே உட்கார வைத்துத் தங்களைப் பற்றிப் பேசினால் பாதியிலேயே எழுந்து போய்விடுவீர்கள். இத்தனை ஆண்டுகளில் யாரும் தங்களைப் புகழ்ந்து முடித்ததே இல்லை. அதனால் ஹம்சா மேடம் என்று ஒருவர் வேறெங்கோ இருப்பதாக வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சொல்கிறோம். லட்சுமணன் பார்வையில் சொல்கிறோம். அடிபட்ட அந்த விளியை எழுதியவர் அவர்தான்.

சிவகங்கைக்காரரான லட்சுமணன் ஐந்து ஆண்டுகளுக்கு முன்புவரை இந்தப் பணிமனையின் முதல் கை. இன்ஜினின் சத்தத்தைக் கேட்டே பாதி நோயைச் சொல்லிவிடுவார். அந்த ஆண்டு ஜனவரியில் துறையின் ஏழு இருக்கை பெட்ரோல் வண்டி ஒன்று மஞ்சள் விளக்கோடு வந்தது. இன்ஜினில் ஏதோ கோளாறு என்று முகப்புப் பலகையில் எரியுமே, அந்த விளக்கு. ஸ்கேனரைச் செருகிப் பார்த்தால், முன் ஆக்சிஜன் சென்சார் ‘புகையில் ஆக்சிஜன் அதிகம்’ என்று புகார் சொல்லியிருந்தது. மேடம் அந்த வண்டியை முதல் நாள் மாலை பார்த்திருந்தார். மறுநாள் காலை ஜாப் கார்டு லட்சுமணன் கைக்கு வந்தபோது அதில் ‘முன் சென்சார் மாற்றவும், அவசரம்’ என்று மட்டும் இருந்தது. விமான நிலையத்துக்குப் போகவேண்டிய வண்டி. ஜல்தி ஜல்தி என்று டிரைவர் முருகன் பக்கத்திலேயே நின்றார். மேடம் பார்த்த வண்டியில் தான் பார்க்க என்ன இருக்கிறது என்று லட்சுமணன் சென்சாரை மாற்றினார், விளக்கு அணைந்தது, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

சென்சார் பழுதாகவே இல்லை. இன்ஜினிலிருந்து புகைக்குழாய் கிளம்பும் இடத்தில், முன் சென்சாருக்கு நாலு விரல் முன்னால், பொருத்தில் ஒரு விரிசல். அது வழியாகப் புகை வெளியே கசிந்தது, இடையிடையே வெளிக்காற்றும் உள்ளே போனது. உள்ளே போன காற்றைத்தான் சென்சார் உள்ளபடி சொன்னது. இன்ஜினின் கம்ப்யூட்டரோ பெட்ரோல் போதவில்லை போலிருக்கிறது என்று இன்னும் கொஞ்சம் பெட்ரோலை ஊற்றியது. பெட்ரோல் கூடக் கூட நச்சுப் புகை கூடியது, அதில் ஒரு பங்கு ஹீட்டர் காற்றோடு வண்டிக்குள் வந்தது. வெளியே தில்லியின் குளிரும் புகைமூட்டமும் என்பதால் முருகன் கண்ணாடிகளை இறுக ஏற்றியிருந்தார். சரோஜினி நகரைத் தாண்டுவதற்குள் தலை கனத்தது. மேம்பாலத்துக்குக் கீழே வண்டி தடுப்பில் ஏறி நின்றது. பூ விற்கிற அண்ணன் ஒருவர் கல்லால் கண்ணாடியை உடைத்து முருகனை வெளியே இழுத்துப் போட்டார். நாலு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து பிழைத்து வந்தார்.

விசாரணையில் ஒரே கேள்விதான். குழாயைப் பார்த்தது யார்? லட்சுமணன் எழுந்து, நான் பார்க்கவில்லை என்றார். கார்டில் இருந்தது அவர் கையெழுத்து. அதோடு கதை முடிந்தது. வேலையை விட்டே அனுப்பிவிடலாம் என்று பேச்சு வந்தபோது, கூடாது என்று அதிகாரிகளிடம் வாதாடியவர் ஹம்சா மேடம். அவர் தயவில் வேலை தப்பியது, ஆனால் ஸ்பேனரைத் தொடக்கூடாது என்று உதிரிபாக ஸ்டோரில் உட்கார வைத்தார்கள். அன்றிலிருந்து லட்சுமணனுக்கு மேடம் என்றால் தெய்வம். வருடா வருடம் பொங்கலன்று இங்கே தில்லி துவாரகாவில் அவர் வீட்டுக்குப் போய்க் கரும்பு கொடுத்துவிட்டு வருவார். முருகனுக்கு மட்டும் அவர் முகம் கொடுத்ததில்லை. முருகன் ஸ்டோருக்கு வந்தால் பேரேட்டைப் பார்த்துக்கொண்டே பொருளைத் தள்ளுவார். ஒரு மனிதனைச் சாகடிக்கப் பார்த்தோமே என்ற எண்ணம் அவரை விட்டுப் போகவில்லை.

அதற்குப் பிறகுதான் மேடம் வேறு ஆளாகிவிட்டார். அதைத்தான் எங்கள் முதல் மடல் பக்கம் பக்கமாகப் புகழ்ந்திருந்தது. புதிதாகச் சேர்கிற ஒவ்வொருவரையும் வண்டிக்கு அடியில் படுக்க வைத்தார். கன்வெர்ட்டருக்கு முன்னால் இருப்பவர் முன்னவர், பின்னால் இருப்பவர் பின்னவர் என்று இரண்டு சென்சாரையும் கையால் தொட்டுச் சொல்ல வைத்தார். முன்னவர் சொல்லைக் கேட்டுத்தான் இன்ஜின் பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும். கன்வெர்ட்டர் புகையைச் சுத்தம் செய்கிறதா என்று வேவு பார்ப்பது பின்னவர் வேலை. இரண்டு பேரில் யார் புகார் சொன்னாலும், முதலில் குழாயைத் தடவு, கரி தேடு, காதை வைத்துக் கேள், சென்சாரைக் கழற்றுவது கடைசி வேலை என்று தலையில் அடிக்காத குறையாகச் சொல்லித் தந்தார். அதன் பயனாக இதுவரை மூன்று வண்டிகளில் விரிசலைக் கண்டுபிடித்திருக்கிறோம். இவருக்கு மட்டும் ஏன் இந்த விஷயத்தில் இத்தனை வெறி என்று எங்களில் ஒருவர்கூடக் கேட்டதில்லை. மண்டையில் மசாலா இல்லாத பதினொரு பேர் நாங்கள்.

திங்கட்கிழமை தட்டச்சர் தமிழ்செல்வி படியைக் கொண்டுவந்து ஸ்டோர் ஜன்னலில் வைத்தார். முகம் வெளிறிப் போயிருந்தது. லட்சுமணன் ஓரத்தில் இருந்ததைப் படித்தார். மேடம் கேட்டுக்கொண்டபடி அந்த ஆறு வரியையும் இங்கே வாசிக்கிறோம்:

“நான் பிழை அறிந்தவள். அந்த வண்டியின் குழாய்ப் பொருத்தில் கரி படிந்திருந்ததை முதல் நாள் மாலையே பார்த்தேன். காலையில் வந்து அதையும் கார்டில் எழுதலாம் என்று போனேன், மறந்தேன். விசாரணையில் சொல்லப் பயந்தேன். லட்சுமணன் மேல் தவறில்லை. இதை அலுவலகத்துக்கும் எழுதிக் கொடுத்துவிட்டேன்.”

லட்சுமணன் அதை மூன்று தரம் படித்தார். பிரேக் கட்டை கேட்டு வந்தவருக்கு வைப்பரை எடுத்துக் கொடுத்தார். கோபம் மதியத்துக்கு மேல்தான் வந்தது. வந்தபோது அவராலேயே அதைத் தாங்க முடியவில்லை. ஐந்து பொங்கல், ஐந்து கட்டு கரும்பு! வாங்கி வைத்துக்கொண்டு, உட்காருங்கள், காபி சாப்பிடுங்கள் என்று சொன்ன அதே வாய்தானே விசாரணையில் மூடியிருந்தது என்று நினைக்க நினைக்க உடம்பெல்லாம் எரிந்தது. நேரே மேடத்தின் அறைக்குப் போனார். மேடம் எழுந்து நின்றார்.

“முருகன் மொகத்தப் பாத்துப் பேசி அஞ்சு வருசமாச்சு மேடம்,” என்றார் லட்சுமணன்.

மேடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் லட்சுமணன் அந்த இடத்திலேயே பரவாயில்லை என்று சொல்லிவிடுவார், அதை வாங்கிக்கொள்ளத் தனக்கு யோக்கியதை இல்லை என்று பிறகு தமிழ்செல்வியிடம் சொன்னாராம். இத்தனை நாள் கழித்து இப்போது ஏன் என்று லட்சுமணன் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார்.

“ரிட்டயர் ஆனப்புறம் சொன்னா என்னை யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. அப்ப சொல்லி உங்களுக்கு என்ன பிரயோஜனம், லட்சுமணன்? உள்ளே இருக்கும்போதே சொன்னாத்தான் கோப்பைத் திறப்பாங்க.”

அவர் சொன்னபடியே கோப்பு திறந்துவிட்டது. புதன்கிழமை இரண்டு அதிகாரிகள் வந்து இருவரிடமும் எழுதி வாங்கிப் போனார்கள். விசாரணை முடியும்வரை மேடத்தின் ஓய்வுக் காகிதங்கள் நகராது. அதைத் தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

ஹம்சா அம்மையீர்! இனி தங்களோடேயே பேசுகிறோம். இந்த மடலை வாசிப்பதா, கிழித்துப் போடுவதா என்று எங்களுக்குள் இரண்டு நாள் சண்டை. சால்வையோடு நிறுத்திக்கொள்வோம் என்றார் அழகர்சாமி. முப்பத்து மூன்று ஆண்டை ஒரு மாலைப்பொழுது தின்றுவிடுமா என்று சிந்து அழுதார். கடைசியில் எல்லோரும் லட்சுமணனைப் பார்த்தோம். அவர் கையெழுத்து இல்லாமல் சட்டம் இல்லை. நேற்று மதியம் அவர், எழுதுகிறேன், ஆனால் நடந்ததையெல்லாம் எழுதுவேன் என்றார். இதுவரை தாங்கள் கேட்ட ஒவ்வொரு வரியும் அவர் எழுதியதுதான்.

ஆண்கள் மட்டுமே இருந்த பணிமனைக்குள் அஞ்சாது நுழைந்த ஆற்றலே! மழைநீர் புகுந்த வண்டிகளை மூன்றே நாளில் மீட்டுத் தந்த முயற்சியே! ஊருக்குப் போக விடுப்புக் கேட்டவரிடம் ஒருமுறையும் முகம் சுளிக்காத உள்ளமே! இவையெல்லாம் அன்றும் உண்மை, இன்றும் உண்மை. தாங்கள் ஐந்து ஆண்டுகள் வாய் மூடியிருந்ததும் உண்மை. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைக்க எங்களுக்கு மனம் வரவில்லை. தங்கள் மீது எங்களுக்குக் கோபம் இருக்கிறது, அன்பும் இருக்கிறது. எது மிஞ்சும் என்று இன்று மாலைக்குள் சொல்லத் தெரியவில்லை. நலமும் வளமும் நிறைந்து, நோய் நொடியின்றி, நூறாண்டு தாங்கள் வாழவேண்டும் என்று மட்டும் பதினொரு பேரும் ஒரு மனதாக வேண்டுகிறோம்.

இன்னும் ஒரே ஒரு செய்தி. விழா முடிந்ததும் தங்களைத் துவாரகா வீட்டுக்குக் கொண்டுபோய் விட முருகன் வண்டியோடு வாசலில் நிற்கிறார். ஸ்பேனரைத் தொடலாம் என்று லட்சுமணனுக்கு நேற்று மாலை வாய்மொழியாக அனுமதி வந்தது. இன்று காலை ஏழு மணிக்கு அவர் அந்த வண்டிக்கு அடியில் படுத்தார். முன்னவரைத் தொட்டார், பின்னவரைத் தொட்டார், குழாயை முழு நீளத்துக்கும் தடவினார், காதை வைத்துக் கேட்டார். முருகன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து டார்ச் அடித்துக்கொண்டிருந்தார். முக்கால் மணி நேரம் கழித்து லட்சுமணன் வெளியே வந்து கார்டில் கையெழுத்துப் போட்டார். பிறகு முருகன் முகத்தைப் பார்த்துச் சொன்னார்:

“கொழாய் நல்லாருக்கு, முருகா. மேடத்தக் கூட்டிட்டுப் போ.”

இங்ஙனம்,
பணிமனைத் தமிழ்ப் பணியாளர்கள்
பதினொருவரும்
புது தில்லி