யோகராணி கேட்ட துண்டு

தேத்தண்ணிக்கு நன்றி ஐயா. நான் ஆறவிட்டுத்தான் குடிப்பேன். பாரிசில் ஃபொபூர் சேன்-தெனித் தெருவில் ஒரு நகைக்கடையின் பின்னறையில் இருபத்திரண்டு வருடமாக நெருப்போடு இருக்கிறேன். சூட்டில் ஆசை விட்டுப்போயிற்று.

யோகராணி வயதான ஒரு பிரெஞ்சு அம்மாவைப் பராமரித்தவள். அந்த அம்மாவின் வெள்ளி முள்ளுக்கரண்டிகள் பன்னிரண்டையும் துணியில் சுற்றிக் கொண்டுவந்தாள். ஒன்று வளைந்திருந்தது. அதை நிமிர்த்தி, எல்லாவற்றையும் மினுக்க வேண்டும்.

"துண்டு ஒண்டு எழுதித் தாங்கோ அண்ணை."

ரசீதைக் கேட்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்தது. "எங்கடை ஆக்களுக்குள்ளை துண்டு எதுக்குப் பிள்ளை?" என்றேன். வெட்கப்பட்டுப் போய்விட்டாள்.

பிறகு கண்ணாடி வைத்துப் பார்த்தேன். காம்பில் கிரீடமும் இரண்டு எழுத்தும் குத்தியிருந்தன. அரண்மனைக்கு வேலை செய்த தட்டாரின் முத்திரை. அப்படியொரு வேலையை நான் தொட்டதில்லை. வளைந்ததை நிமிர்த்தும்போது அந்த முத்திரையிலேயே கண்ணை வைத்து, நெருப்பைக் கொஞ்சம் அதிகமாகக் காட்டிவிட்டேன். ஒரு முள் உருகி விழுந்தது.

ஒன்று கெட்டால் பன்னிரண்டும் கெட்டதுதான். தட்டான் குணரத்தினத்துக்குக் கை தவறிவிட்டது என்று எங்கடை ஆக்கள் இருக்கிற லா ஷப்பல் முழுக்க என்னைப் பற்றிக் கதைப்பார்கள். நான் வேறு என்ன செய்ய? எல்லாவற்றையும் மூசையில் போட்டு உருக்கினேன். முந்தி, போர்ச் செலவுக்கு இந்த நாட்டு அரசனே தன் வெள்ளியை உருக்கினானாம்.

யோகராணி வந்து கேட்டபோது, நீ ஒன்றும் தரவில்லையே என்றேன். அந்த அம்மா களவு என்று முறைப்பாடு கொடுத்த பிறகு பொலிசாரிடமும் அதையே சொன்னேன். ஒருமுறை சொன்னதை எப்படி மாற்றுவது? அவளுக்கு வேலை போயிற்று. களவு வழக்கோடு வதிவிட அட்டையும் போய்விடும் என்று பயந்தாள். கடைசியாகக் கடைக்கு வந்தபோது கும்பிட்டாள்.

"நீங்கள் ஒரு சொல்லுச் சொன்னால் போதும் அண்ணை."

நான் பின்னறைக்குத் திரும்பிப் போய் வேலையைப் பார்த்தேன். மார்கழியில் அவள் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டாள். செத்தவீட்டில் நான் அழுதது பொய்யில்லை.

அவளின் மகள் சாம்பவி பெரியபிள்ளையானாள்; தாயின் ஆண்டுத் திவசம் முடிந்து தை மாதம் சாமத்தியச் சடங்கு. தாயில்லாப் பிள்ளை. அந்த வெள்ளியில் கொஞ்சம் எடுத்துக் கொலுசு செய்து கொடுத்தேன், கூலி வாங்கவில்லை. மிச்சம் கட்டியாக என் மேசை லாச்சியில் இருக்கிறது.

கொலுசோடு மறக்காமல் ஒரு துண்டும் எழுதிக் கொடுத்தேன், ஐயா. நாளைக்கு ஒருத்தரும் அந்தப் பிள்ளையைக் கள்ளி என்று சொல்லக் கூடாதல்லவா.