எதிர்வெளிச்சத்தில் எடுத்த மூன்று படங்கள்

புதிதாகக் கேமரா வாங்குகிறவர்கள் எல்லாரும் ஒரே புகாரோடுதான் என் கடைக்கு வருவார்கள்: "அண்ணே, மூஞ்சி கருப்பா விழுது." கேமரா மேல் குற்றமில்லை, இன்ஸ்பெக்டர் மேடம். உள்ளே இருக்கிற மீட்டருக்கு ஆள் தெரியாது, வெளிச்சம்தான் தெரியும். ஆளுக்குப் பின்னால் வானம் பளிச்சென்று இருந்தால், மிரண்டுபோய் மொத்தப் படத்தையும் இருட்டாக்கிவிடும். முகம் வேண்டுமென்றால் நாம்தான் வெளிச்சத்தை இரண்டு படி கூட்டி வைக்க வேண்டும்.

குடவாசல் ரோட்டில் பதினாறு வருஷமாக பாஸ்போர்ட் போட்டோ எடுக்கிறேன். யார் துபாய்க்குக் கிளம்புகிறார், யார் வீட்டில் விவாகரத்து மனு ரெடியாகிறது, எல்லாம் எனக்கு முன்கூட்டியே தெரியும். தெரிந்ததை நாலு பேரிடம் சொல்வேன். வம்பு என்பார்கள். ஆனால் டீக்கடை பெஞ்சில் எனக்கு இடம் விட்டுத்தான் உட்காருவார்கள்.

குறுவை நட்டு முடித்த சமயத்தில் பம்புசெட்டுகளில் செம்புக் கம்பி திருடு போக ஆரம்பித்தது. என் வீட்டுக்குப் பின்னால் வயல் வைத்திருக்கிற ரெத்தினத்தின் மோட்டார் கொட்டகையில் இரண்டு தடவை. பெண்டாட்டி கோபித்துக்கொண்டு நன்னிலம் போனபோதுகூட மனுஷன் அப்படி அழவில்லை. மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற வைரக்கண்ணுவைத் தவிர செம்பின் அருமை தெரிந்தவன் யார் என்று முதலில் கேட்டது நான்தான். பத்து நாள் கேட்டேன், சலூனில், ரேஷன் கடை வரிசையில்.

"நேர்ல பாத்தியா?" என்று ஒருத்தர் கேட்டுவிட்டார். சுருக்கென்றது.

மொட்டை மாடியில் ஸ்டாண்டு போட்டு, ரெத்தினத்தின் கொட்டகையைக் குறிவைத்துக் காத்திருந்தேன். நாலாம் நாள், சூரியன் கிளம்புகிற நேரத்தில் ஆள் வந்தான். கேமராவை பிராக்கெட்டிங்கில் வைத்திருந்தேன். ஒரு அமுக்கலில் மூன்று படம்: மீட்டர் சொன்னபடி ஒன்று, அதைவிட இருட்டாக ஒன்று, வெளிச்சமாக ஒன்று. கற்றுக்கொள்கிறவர்களுக்கு நல்ல பழக்கம்.

முதல் படத்தில் மடித்துக் கட்டிய கைலி, தலையில் துண்டு, தோளில் கம்பிச் சுருள். முகம் கரி. அதைப் பெரிதாகப் பிரிண்டு போட்டு டீக்கடைக்குக் கொண்டுபோனேன். நான் பெயர் சொல்லவில்லை, எழுதிக்கொள்ளுங்கள். "யாருன்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்றேன். பத்து நாளாகக் கேட்ட பெயர்தானே வாயில் வரும்?

பல் தேய்த்துக்கொண்டிருந்தவனை இழுத்து வந்து கரண்டு கம்பத்தில் கட்டினார்கள். முதலில் கையால் அடித்தார்கள். அப்புறம் ரெத்தினம் மண்வெட்டிக் காம்பை எடுத்தார். வைரக்கண்ணுவின் முழங்கை மடங்கக் கூடாத பக்கம் மடங்கியது. கேமரா என் கழுத்தில்தான் கிடந்தது. சுற்றிலும் வெள்ளைச் சட்டைகள், மீட்டர் ஏமாந்துவிடும். அதனால் ஸ்பாட்டுக்கு மாற்றி அவன் கன்னத்தில் மட்டும் வெளிச்சத்தை அளந்தேன். காம்பு இறங்குகிற வேகத்துக்கு ஷட்டரை ஐந்நூறில் வைத்தேன். முகம் அழகாக விழுந்தது. பற்பசை நுரைகூட சிவப்பாகத் தெரிகிறது, பாருங்கள்.

அவன் பெண்டாட்டி காளியம்மாள் என் காலைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணே, படம் எடுத்தவரு நீங்க. அது இவரு இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே."

ரெத்தினம் ஓங்கிய காம்பை நிறுத்தினார். "சொல்லு செழியா, இவன்தானே?"

ஊரே வாயை மூடிக்கொண்டு என் வாயைப் பார்த்தது.

"நான் என்னைக்கி இல்லாததைச் சொல்லியிருக்கேன்?" என்றேன்.

அடுத்த அடி தலையில் விழுந்தது. தேங்காய் உடைகிற சத்தம். அதற்குமேல் அடித்ததெல்லாம் வீண், அவன் அசையவில்லை.

மூன்றாவது படத்தைப் பற்றித்தானே கேட்கிறீர்கள்? ஆமாம், அதில் முகம் தெளிவாக இருக்கிறது. பெரிய மீசை, மோவாயில் வெட்டுத் தழும்பு, நான் பார்த்தே இராத வெளியூர்க்காரன். பிரிண்டு போடுவதற்கு முன்பே பார்த்துவிட்டேன். வைரக்கண்ணு இல்லை என்று தெரிந்துதான் முதல் படத்தைக் கொண்டுபோனேன். பத்து நாள் சொன்னதை ஒரு காலையில் மாற்றிச் சொன்னால் அப்புறம் அந்த பெஞ்சில் எனக்கு யார் இடம் விடுவார்கள்?

ஆனால் மறைத்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். கேமராவின் மெமரி கார்டு உங்கள் மேசை மேல்தான் இருக்கிறது, மூன்று படமும் அப்படியே இருக்கின்றன. அன்றைக்கு யாராவது ஒருத்தர் கேட்டிருந்தால் காட்டியிருப்பேன்.