இரண்டு சாவியும் ஒரே கையில் வேண்டாம்

கண்மாய்க்குக் கரைபோல் இந்த அவையைக் கட்டிக் காக்கும் தலைவர், அம்மையார் புவனேஸ்வரி அவர்களே! கண்மாய்க் கரைகளைக் காலால் அளந்த பெரியோர்களே! காய்ந்த கண்மாயைக் கண்கலங்கப் பார்த்த தாய்மார்களே! கீரமங்கலத்தில் பூக்கூடையை இறக்கிய கையோடு பஸ் ஏறி வந்திருக்கும் சகோதரிகளே! இன்றைய விழாவின் நாயகரே, என் நெஞ்சை நெடுநாளாய் அரித்துவரும் அருமைத் தம்பி பிராங்க்ளின் அவர்களே! உங்கள் அனைவருக்கும் இந்த ஆவுடையப்பனின் அடக்கமான வணக்கம்.

மைக்கைப் பிடித்தால் எனக்குப் பேச்சு நீண்டுவிடும். பொறுத்தருளுங்கள். இன்று எனக்குக் கொடுத்த வேலை எளியது. பிராங்க்ளினுக்குப் பொன்னாடை போர்த்த வேண்டும், போர்த்திவிட்டேன். கீரமங்கலம் அறையின் சாவியை அவரிடம் ஒப்படைக்க வேண்டும். அதற்குத்தான் என் கை வர மறுக்கிறது.

புதியவர்களுக்காகச் சொல்கிறேன். மழை முடிந்ததும் நம் கண்மாய்க் கூட்டமைப்பு ஒவ்வொரு கண்மாயையும், அதன் வரத்து வாய்க்கால்களையும் ட்ரோனால் படமெடுக்கிறது. அந்தப் படங்களை உள்ளங்கை அகல டேப்புகளில் எழுதி அடுக்குகிறோம். ஓடிக்கொண்டே இருக்கும் கம்ப்யூட்டர் டிஸ்க் ஒருநாள் நின்றுபோகும். டேப்போ மின்சாரம் கேட்காது, சத்தம் போடாது, எழுதியதைச் சுமந்துகொண்டு ஆண்டுக்கணக்கில் அலமாரியில் கிடக்கும். ஒரு பிரதி திருக்கோகர்ணத்தில் பிராங்க்ளினிடம். மறு பிரதி கீரமங்கலத்தில் என்னிடம். வெள்ளமோ நெருப்போ வந்தால், ஒன்று போனாலும் ஒன்று நிற்கும்.

"கரையான் டேப்பைத் திங்குமா?" என்று அங்கிட்டு ஓர் அண்ணன் கேட்கிறார். டேப்பைத் தின்னாதுங்க. பெயர் ஒட்டிய அட்டையைத் தின்னும். அப்புறம் எந்தக் கண்மாய் எதில் இருக்கிறது என்று நாம்தான் முழிக்க வேண்டும்!

பிராங்க்ளின் மீது எனக்குப் பொறாமை. ஆம், பொன்னாடை போர்த்திய இதே கையை நெஞ்சில் வைத்துச் சொல்கிறேன், பொறாமை! அவர் அறைக்கு ஏசி. என் அறைக்கு மேசை ஃபேன். அவர் பேசினால் கைதட்டல்; நான் பேசினால் கொட்டாவி. சித்தன்னவாசல் ஓவியம் பார்க்க வரும் கல்லூரிப் பிள்ளைகள், திரும்பும் வழியில் பிராங்க்ளினையும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். என்னைப் பார்க்க வந்தவர் யார்? கரண்ட் ரீடிங் எடுப்பவர்!

அந்தப் பொறாமையில் பிறந்த வழக்கம் ஒன்று எங்களிடம் உண்டு. தைப்பொங்கல் முடிந்ததும் அவர் அலமாரியில் கைக்குச் சிக்கிய டேப்பை நான் எடுத்துக்கொள்வேன். என்னுடையதில் ஒன்றை அவர் எடுத்துக்கொள்வார். அவரவர் மெஷினில் ஓட்டிப் பார்ப்போம். யார் டேப் ஓடவில்லையோ அவர் ஒரு தட்டு முட்டை மாஸ் வாங்கித் தர வேண்டும். அன்பினால் செய்தோமா? இல்லை. அக்கறையினால் செய்தோமா? இல்லை. அடுத்தவர் தவறியிருப்பார் என்ற நப்பாசையினால் செய்தோம்!

ஒரு தையில் போன் வந்தது.

"அண்ணே, ஒங்க டேப்பு ஓடலையே."

"ஒங்க மெஷினைப் பாருங்க தம்பி. இங்க ஜோரா ஓடுது."

"வேற ஒண்ணு எடுத்தாந்து போட்டேன். அதுவும் ஓடலண்ணே!"

அந்தக் குரலில்தான் எத்தனை குதூகலம்! ஆனால் உண்மை அவர் பக்கம் இருந்தது. என் மெஷினில் எழுதும் முனை இம்மியளவு சாய்ந்திருந்தது. அது எழுதியதை அது மட்டுமே படிக்கும். நானும் ஒவ்வொரு டேப்பையும் எழுதி முடித்ததும் அதிலேயே ஓட்டிப் பார்ப்பேன், ஓடும். தன் எழுத்தைத் தானே படித்து, தானே மெச்சி, தானே தேர்ச்சியும் கொடுத்துக்கொண்டிருந்தது அந்த மெஷின்!

பிராங்க்ளின் என்ன செய்தார்? தன் மெஷினை மடியில் வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் வந்தார். என் மெஷினில் படித்து, அவர் மெஷினில் எழுதி, அத்தனை டேப்பையும் மீட்டோம். "முட்டை மாஸ் எங்கண்ணே?" என்று கேட்டுக் கேட்டே என் உயிரை எடுத்தார். அந்த ஆண்டு மழைக்காலத்திலேயே என் மெஷின் செத்தது. கூட்டமைப்பு வேறு வாங்கித் தந்தது.

பிறகு வந்தது சத்யாவின் வழக்கு. இதோ, முன்வரிசையில் இருக்கிறார். இவர் ஊர்க் கண்மாயின் வரத்து வாய்க்காலை மறித்து ஒருவர் வேலி போட்டார். இங்கே வாய்க்காலே இருந்ததில்லை என்று சாதித்தார். பழைய படம் வேண்டும். திருக்கோகர்ணத்தில் தேடினால், அந்தப் பெருமைமிகு ஏசி ஒழுகி, அந்த வரிசை டேப்புகளே நனைந்து கிடந்தன! மேசை ஃபேன் அறையில் இருந்த, நாங்கள் மீட்டு எழுதிய என் பிரதிதான் ஓடியது. படத்தில் வாய்க்கால் தெரிந்தது. வேலி போனது, தண்ணீர் வந்தது.

"ஆமாங்கய்யா, வந்துச்சு. ஆனா படம் கேட்டப்ப பிராங்க்ளின் சார் போனை எடுக்கவே இல்லைங்க!" என்கிறார். கோபம் இன்னும் ஆறவில்லை. ஆற வேண்டாம் தாயே, அந்தக் கோபத்துக்கு வேலை இருக்கிறது.

என் கண் மங்கிவிட்டது, நான் விலகுகிறேன். இரண்டு பிரதியையும் திருக்கோகர்ணத்தில் சேர்த்துப் பிராங்க்ளினே காக்கட்டும் என்பது இன்றைய தீர்மானம். அவர் நல்லவர்தானே என்கிறீர்கள். அதுதான் என் அச்சமே! நல்லவரை யார் சோதிப்பார்? வல்லவரை யார் சந்தேகிப்பார்? அவர் எழுதியதை அவரே படித்துச் சரி என்றால் போதுமா? என் மெஷினும் அப்படித்தானே சொன்னது! ஒழுகும் கூரைக்குக் கீழே ஒன்றை வைத்தால் ஒன்று நனையும். இரண்டையும் வைத்தால் இரண்டும் நனையாதா?

இதுவும் பொறாமைப் பேச்சுதானோ என்று எனக்கே ஐயம். இருக்கலாம். ஆனால் அந்தப் பொறாமைதான் சத்யாவின் வாய்க்காலைக் காத்தது!

தலைவர் அவர்களே, சாவியைச் சத்யாவிடம் கொடுக்க அனுமதி கேட்கிறேன். "எனக்கு மெஷினெல்லாம் தெரியாதுங்கய்யா" என்கிறார். பிராங்க்ளின் கற்றுத் தருவார் அம்மா. "போனை எடுத்தாத்தானே!" கேட்டீர்களா? இந்தக் குரல்தான் வேண்டும்! இந்தக் குரல் தையில் போய் அவர் அலமாரியைத் தட்ட வேண்டும்!

அதோ, தலைவர் தலையசைக்கிறார். அவையில் கைகள் உயர்கின்றன. முதலில் உயர்ந்தது பிராங்க்ளினின் கை! "தைக்கு வாரேம்மா, முட்டை மாஸுக்குத் தயாரா இருங்க" என்கிறார்.

வாங்கிக்கொள்ளுங்கள் சத்யா. இந்தாருங்கள் சாவி. இப்போது எனக்குப் புதிதாய் ஒரு பொறாமை. இனி அவர் ஜெயிக்க நினைப்பது உங்களை, என்னை அல்ல.

கொட்டாவியை அடக்கிக் கேட்ட உங்கள் கருணைக்கு நன்றி. கண்மாய்கள் நிறையட்டும். வணக்கம்.